ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த கடை

ஐந்தருவிக்குப் போகிற வழியில் துண்டு, சோப்பு, சீயக்காய், எண்ணெய் விற்கிற சின்னக் கடை எங்களுடையது. சீசன் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் நெரியும். அன்று காலையில்தான் எங்கள் கடை மூடியிருக்கும். தென்காசியில் எங்கள் சபையில் ஆராதனை முடிந்து, பஸ் பிடித்து வந்து படுதாவைத் தூக்கும்போது மணி பன்னிரண்டு ஆகிவிடும். அதற்குள் பாதிப் பேர் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு திரும்பியிருப்பார்கள்.

பக்கத்தில் பழக்கடை போட்டிருப்பவள் என்னைவிட நாலைந்து வயது இளையவள். "யக்கா, உங்க சாமி திங்கக்கெழமைக்கு மாத்திக்கிடக் கூடாதா?" என்று கேலி செய்வாள். நான் சிரித்துவிட்டுத் துண்டுகளைத் தொங்கவிட ஆரம்பிப்பேன். எனக்குப் பதில் பேச வராது. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தாலும் எழுந்து சொல்லாத பிள்ளை நான்.

எங்கள் வீட்டில் பேசுகிறவர் என் கணவர். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை இறக்குகிற வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் குடும்ப ஜெபத்தை அவர்தான் நடத்துவார். சந்தைக்கு வரும் டெம்போ டிரைவருக்குப் பல்வலி என்றால் அதையும் சேர்த்துச் சத்தமாக ஜெபம் பண்ணுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதில் என் பங்கு 'ஆமென்' மட்டும்தான்.

போன வருடம் சீசன் தொடங்குகிற நேரம், வெங்காய மூட்டையோடு லாரிப் பலகையிலிருந்து வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் முடிந்த பிறகு, "நடப்பாங்களா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "பொறுத்துத்தாம்மா பாக்கணும்" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சாயங்காலம், வழக்கம்போல வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே, "அத உள்ள வையி" என்றார். வைத்துவிட்டேன். வீட்டில் ஜெபம் அன்றோடு நின்றது.

சபையிலிருந்து வந்தார்கள். ரொட்டி வாங்கி வந்தார்கள், ஜெபித்தார்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அவர்கள் படி இறங்கியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. டிரைவரின் பல்லுக்குக்கூட ஜெபித்த மனுஷனை இப்படிப் படுக்கவைத்தது ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எதிர்வீட்டில் இருக்கும் நாத்தனாரை அவருக்குத் துணைக்கு வைத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே கடையைத் திறந்தேன்.

பழக்கடைக்காரி பார்த்தாள். கேலி செய்யவில்லை. இரண்டு மங்குஸ்தான் பழத்தைக் கொண்டுவந்து சோப்பு டப்பா மேல் வைத்துவிட்டுப் போனாள். அப்படியே மூன்று ஞாயிறு போயிற்று.

நாலாவது ஞாயிறு அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஏழாம் மாதம். முன்பு இரண்டு தரம் கலைந்துவிட்டது. இப்போது பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம்.

"யக்கா, எம்மவளுக்கு ஜெபம் பண்ணுங்க."

"வீட்ல போயி பண்ணுதேன்."

"இல்ல, இப்பமே. இங்கனயே பண்ணுங்க. என் காதுல விழணும்லா."

நான் ஜெபத்தையே விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லக் கூச்சமாக இருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றாள். வேறு வழியில்லாமல் கண்ணை மூடினேன். அருவியில் நல்ல தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்காது. அந்தத் தைரியத்தில்தான் வாய் திறந்தேன். நடுவில் யாரோ வந்து எண்ணெய் கேட்டார்கள். "செத்த நில்லுங்க அண்ணாச்சி, ஜெபம் நடக்கு!" என்று அவள் அதட்டினாள்.

முடித்ததும், "நீங்க என்ன சொன்னியள்னே கேக்கலியே" என்றாள்.

"கேக்க வேண்டியவருக்குக் கேட்டிருக்கும்" என்றேன். எப்படி அந்தப் பதில் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு தினமும் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றுவிடுவாள். ஒரு வாரம் கழித்து, சாயங்காலம் கணவருக்குக் கஞ்சி கொடுக்கும்போது இதைச் சொன்னேன்.

"ஏட்டி, நீயா? சத்தமாவா?" விழுந்ததிலிருந்து அன்றுதான் சிரித்தார். "எம்பேரச் சொன்னியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"ஏன்?"

"உங்களுக்காவக் கேட்டு, முடியாதுன்னுட்டா நான் என்ன செய்ய?"

அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எனக்கும் அந்தப் பயந்தான்" என்றார். பிறகு, "இங்கன அருவி இல்ல. மெதுவாச் சொல்லு. எனக்குக் கேட்டாப் போதும்."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நாலு வரிதான் சொன்னேன். முடித்தபோது அவர் 'ஆமென்' என்றார். பதில் என்னவாக இருந்தாலும் கேட்டாயிற்று என்று அன்று மனம் லேசானது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனேன்.

அவர் நடக்க ஐந்து மாதம் ஆனது. இப்போதும் ஊன்றுகோல் வேண்டும். மூட்டை தூக்க இனி முடியாது. கடையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் ஊர்க்கதை பேசித் துண்டு விற்கிறார். இவ்வளவு கிடைத்ததற்கே நான் தினமும் நன்றி சொல்கிறேன். பழக்கடைக்காரிக்குப் பேத்தி பிறந்தது. எடை குறைவு, ஆனால் அழுகைச் சத்தம் பலமாம்.

இந்தச் சீசனில் ஒருநாள் அவளிடம் உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கி நான் ஜெபத்த விட்டிருந்தேன்."

"தெரியும்லா. ஞாயித்துக்கெழம கடையத் தொறந்தியளே."

"பொறவு ஏன் எங்கிட்ட வந்து கேட்ட?"

"இங்கன வேற வேதக்காரி யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு ரம்புட்டானுக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள்.

இப்போது ஞாயிறு காலையில் கடை எங்களுக்காகத் திறந்தே இருக்கிறது. பழத்தோடு சேர்த்து எங்கள் துண்டையும் அவளே விற்கிறாள். சனிக்கிழமை சரக்குப் பெட்டிச் சாவியை வாங்கும்போது மட்டும், "ஆமென்னு சீக்கிரம் சொல்லிட்டு வாங்க, என்னால ரெண்டு கடையப் பாக்க முடியாது" என்பாள்.