கண்டக்குளி மணலில் ஓர் அமெரிக்க ஜீப்

காலை ஐந்து பத்துக்கு வவுனியாவில் வீட்டுப் படலையைச் சாத்திவிட்டுத் திரும்பினால், ராஜன் அண்ணா என் சின்ன ஜப்பான் காரின் முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார்.

"இதுக்குள்ள நான் முழுசா ஏறுறதோ, இல்லாட்டிக் காலை இஞ்சை விட்டிட்டு வாறதோ?"

"ஏறுங்கோ அண்ணா. லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் ஓடும். உங்கட அமெரிக்கக் கார் ஓடுமோ?"

ஆறடி உயரத்தை மடக்கி ஏறி உட்கார்ந்தார். பயணம் இப்படித்தான் தொடங்கியது.

ராஜன் அண்ணா என் பெரியம்மாவின் மகன். வயது ஐம்பத்தெட்டு. இருபத்துநான்கு வயதில் அமெரிக்கா போனவர்; டிட்ராய்ட் பக்கத்தில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். எனக்கும் அவருக்கும் சின்ன வயதிலிருந்தே வாகனப் பைத்தியம். மூன்று வருடமாக ஒரு வட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போட்டு வருகிறோம்: உலகத்துக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அமெரிக்கா எப்படிப் பின்னால் போனது, ஜப்பானும் கொரியாவும் இப்போது சீனாவும் எப்படி முன்னால் வந்தன? நான் ஜப்பான் கட்சி. அண்ணா அமெரிக்கா. நடுவில் நின்று இரண்டு பக்கமும் அடிப்பவர் கற்பிட்டியிலிருக்கும் நிஸ்தார் நானா. அண்ணா விடுமுறையில் வந்திருப்பதை அறிந்ததும் அவர் ஒரு படம் அனுப்பினார். பச்சை நிற ஜீப் ஒன்று, வெள்ளை மணலில், ஸ்டியரிங் இடப்பக்கம். கீழே ஒரு வரி: "உங்கட ஊர்க்காரன் ஒருத்தன் எங்கிட்ட இரிக்கான் தம்பி. வந்து பார்த்துட்டுப் பேசுங்க."

அநுராதபுரத்தில் ஆறரைக்குத் தேநீர். அங்கிருந்து புத்தளம் ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீற்றர். இருபக்கமும் காடு, நடுவில் நேர்கோடாகத் தெரு. எட்டேகாலுக்குப் பாலாவிச் சந்தியில் சீமெந்து லொறி ஒன்று கடக்கும்வரை நின்று, வலப்பக்கம் கற்பிட்டி வீதியில் திரும்பினோம்.

அதற்குப் பிறகு வந்த நாற்பது கிலோமீற்றரை நான் ஆறுதலாகவே ஓட்டினேன். வேகமாக ஓட்ட மனம் வரவில்லை. முதலில் உப்பு வயல்கள், வானத்தை அப்படியே கீழே விரித்து வைத்ததுபோல. அதன் வரம்பில் வெள்ளைக் குவியல்கள். பிறகு வலப்பக்கம் களப்புத் தண்ணீர், இடப்பக்கம் தென்னை. தென்னைக்கு மேலே காற்றாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்றன. ஓர் இறகின் நிழல் எங்கள் தெருவை வெட்டிக்கொண்டு போனபோது அண்ணா குனிந்து கண்ணாடி வழியாக மேலே பார்த்தார். தோட்டங்களில் சுத்த மணலில் வெங்காயம் பச்சையாக நின்றது. வீதியோரம் கழுதைகள் தங்கள் பாட்டில் நடந்தன.

"மணலில வெங்காயம்," என்றார் அண்ணா. கொஞ்ச நேரம் கழித்து, "மணலில!" என்றார் மறுபடியும்.

ஒன்பதரைக்கு நிஸ்தார் நானாவின் வீடு. அறுபது கடந்தவர், வெள்ளைத் தாடி, சாரம், வாய் நிறையச் சிரிப்பு. மூன்று வருடம் எழுத்தில் திட்டிக்கொண்ட இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவருடைய மனைவி கதிரைகளை மாமரத்தின் கீழே போட்டு, தேத்தண்ணியும் தேங்காய் ரொட்டியும் வைத்தார். ஜீப் மரத்தடியில்தான் நின்றது. அண்ணா அதைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். முன் மட்கார்டில் கைவைத்து, கோயில் தூணைத் தொடுபவர்போலக் கையை எடுக்காமல் நின்றார்.

"யுத்தத்துக்குச் செய்தது. எண்பது வருசம்," என்றார் என்னிடம். "உன்ர கார் எண்பது வருசம் நிக்குமோ பிள்ளை? இதுதான் அமெரிக்கா."

நிஸ்தார் நானா பொனற்றைத் தூக்கினார். அண்ணா எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியதைக் கண்டு நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தது ஒரு ஜப்பான் வான் வண்டியின் டீசல் எஞ்சின்.

"வாப்பா ஏலத்துல எடுத்த நேரம் அமெரிக்க எஞ்சின்தான் தம்பி. அது பெற்றோலைத் தண்ணி மாதிரிக் குடிக்கும், சாமானும் கிடைக்காது. வாப்பா மவுத்தான பொறகு நான்தான் மாத்தின. வில்லுத்தகடு இந்தியா. ரேடியேற்றர் புத்தளத்துல அடிச்ச."

"அப்ப இதில அமெரிக்கா எங்க நானா இருக்கு?" என்றேன்.

"பேருல இரிக்கு."

நான் சிரித்துவிட்டேன். அண்ணா சிரிக்கவில்லை. பிறகு சண்டை மும்முரமானது. அமெரிக்க இரும்பின் கனத்தையும் எஞ்சினின் பலத்தையும் அண்ணா சொன்னார். "பலம் சரி தம்பி, ஆனா அமெரிக்காக்காரன் அவன்ட ரோட்டுக்கும் அவன்ட உடம்புக்கும் செஞ்சான். எங்களுக்கு எண்டு ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் மாத்திக்கூடத் தரயில்ல. ஜப்பான்காரன் எங்கட ரோட்டைப் பார்த்துச் செஞ்சான்," என்றார் நானா. நான் பழுதில்லாத ஓட்டத்தைச் சொன்னேன். நானாவின் மனைவி கோப்பைகளை எடுக்க வந்தவர், "எனக்கு சந்தைக்குப் போக ஓட்டோ காணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"சரி, ஒண்டு கேக்கிறேன்," என்றார் நானா. "நீங்க அங்க என்ன வாகனம் ஓட்டுறீங்க?"

அண்ணா ரொட்டியைப் பிய்த்தார். "கடற்கரைக்குப் போவம் நானா. வெயில் ஏறுது," என்றார்.

பதினொரு மணிக்கு ஜீப்பில் கண்டக்குளிப் பக்கம் போனோம். தார் முடிந்த இடத்தில் நானா கடலோர ஈரமணலில் இறக்கி வடக்கே மூன்று கிலோமீற்றர் ஓட்டினார். இடப்பக்கம் கடல் நீலமாகவும் இல்லாமல் பச்சையாகவும் இல்லாமல் கண்ணைப் பறித்தது, வலப்பக்கம் மணல்மேடு. ஆள் இல்லை, வீடு இல்லை. அலை நுரை சக்கரத்தில் தெறித்தது. நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தேன். உலகம் இவ்வளவு அகலமானது என்பது வவுனியாவில் அலுவலக மேசையில் இருக்கும்போது நினைவில் இருப்பதில்லை.

உடப்பு மீனவ ஊரிலிருந்து வந்து வாடிக் குடிசை போட்டிருந்தவர்கள் அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கக் கயிற்றை டிராக்டர் சுற்ற, மறுபக்கம் இருபது பேருக்கு மேல் இடுப்பில் கயிற்றைக் கொளுவிப் பின்னோக்கி நடந்தார்கள். வலையின் மடி கரையை நெருங்க, தண்ணீர் கொதிப்பதுபோல மீன் துள்ளியது. அண்ணா செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்.

அப்போதுதான் அலறல் கேட்டது. மடியைத் தாங்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கியிருந்த ஒருவர் சரிந்து விழுந்தார். நான்கு பேர் தூக்கிவந்து மணலில் கிடத்தினார்கள். முருகேசு என்று பெயர் சொல்லி அழைத்தார்கள், நாற்பது வயதிருக்கும். திருக்கை தொடையில் அடித்து, முள் உள்ளே முறிந்திருந்தது. இரத்தம் விடாமல் வந்தது.

"முள்ளை இழுக்காதீங்க!" என்று வலைக்காரரின் தலைவர் கத்தினார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க! டிராக்டர் கயித்தோட நிக்குது, விட்டா வலை ஆளுங்களை இழுத்துட்டுப் போயிரும். நானா, உங்க ஜீப்புதான்!"

முருகேசுவைப் பின்னால் ஏற்றினோம். நான் என் சால்வையை மடித்து முள்ளைச் சுற்றி இரு கையாலும் அழுத்திப் பிடித்தேன். அவர் உடம்பு நடுங்கியது. "அக்கா, குத்துது... உசிரு போகுது அக்கா," என்றார். வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை.

ஒரு கிலோமீற்றர் வந்திருப்போம். வரும்போது ஓடிவந்த ஈரமணலின் மேல் இப்போது அலை ஏறி அடித்துக்கொண்டிருந்தது. நானா மேலே உலர்ந்த மணலுக்குத் திருப்பினார். முப்பது மீற்றர் போனதும் பின்சக்கரங்கள் புதைந்தன. முன்சக்கரங்களுக்கும் பலம் கொடுக்கும் சின்ன நெம்பை இழுத்தார். அது எதிலும் பிடிக்காமல் கையோடு ஆடியது.

"யா அல்லாஹ். நெம்பைக் கியர்ப் பெட்டியோட பூட்டுற ஊசி கழண்டு விழுந்துட்டு."

போனில் சிக்னல் இல்லை. என் கை முழுக்கச் சிவந்திருந்தது. நானா எதையோ ஓதிக்கொண்டு மறுபடி மறுபடி நெம்பை ஆட்டினார்.

அண்ணா ஏற்கெனவே இறங்கிவிட்டார். "ஸ்பானர், குறடு என்ன இருக்குத் தாங்கோ," என்றார். குரல் வேறாக இருந்தது; சண்டைக்காரக் குரல் அல்ல. மணலைக் கையால் தோண்டி, மல்லாந்து படுத்து, ஜீப்பின் கீழே நுழைந்தார். அவர் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அலையின் நுனி வந்து அந்தக் கால்களை நனைத்துவிட்டுப் போனது.

"நானா, கிளச்சை மிதியுங்கோ... விடுங்கோ, மெல்ல. திரும்ப மிதியுங்கோ. இந்தக் கியர்ப் பெட்டியை எனக்குத் தெரியும். இதின்ர பேரப்பிள்ளையளைத்தான் நான் பூட்டினனான். பதினேழு வருசம் இதே வேலை."

இரும்பில் இரும்பு மோதும் சத்தம் இரண்டு தரம் கேட்டது. பிறகு ஆழமாக ஒரு 'ணக்'.

"கியர் விழுந்திட்டுது! எடுங்கோ!"

அவர் உருண்டு வெளியே வந்தார். நானா கிளச்சை விட்டார். நான்கு சக்கரமும் ஒன்றாகக் கடித்தன. ஜீப் ஒருதரம் முக்கி, தலையைத் தூக்கி, அந்தப் பொடிமணலில் ஏறியது. எண்பது வருடப் பழைய இரும்பு, வேறொரு தேசத்து எஞ்சின், மேலே ஓர் உயிர் ஊசலாட, அது ஏறியதை நான் உடம்பால் உணர்ந்தேன். அண்ணா ஓடிவந்து பின்பக்கம் தொற்றிக்கொண்டார். தலைமுடியெல்லாம் மணல். கன்னத்தில் கிரீஸ். அழுகிறாரா, உப்புத்தண்ணீரா என்று தெரியவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்குக் கற்பிட்டி ஆஸ்பத்திரி. இரத்தத்தை அடக்கி ஊசிபோட்டு, பெரிய இரத்தநாளத்துக்குப் பக்கத்தில் முள் நிற்பதால் அம்புலன்ஸில் புத்தளத்துக்கு அனுப்பினார்கள். "பிந்தியிருந்தாக் கஷ்டம்," என்று மட்டும் சொன்னார் வைத்தியர்.

பின்னேரம் நான்கு மணிக்கு மாமரத்தடியில் மீன்குழம்பும் சோறும். யாருக்கும் வாதாடத் தோன்றவில்லை. அண்ணாவே தொடங்கினார்.

"நானா, காலமை கேட்டீங்கள். என்ர வாசலில நிக்கிறது ஜப்பான் கார்."

நானா சிரிக்கவில்லை. சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, அண்ணா சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார்.

"எங்கட தொழிற்சாலை லைனில ஒரு பெட்டி சரியாப் பொருந்தேல்லை எண்டு கண்ணால கண்டாலும் லைனை நிப்பாட்டேலாது. போகவிடு, பிறகு பாப்பம் எண்டுவாங்கள். பிறகு ஒருத்தரும் பாக்கிறேல்லை. ஜப்பான்காரன்ர லைனில ஆர் எண்டாலும் கயித்தை இழுத்தா முழுத் தொழிற்சாலையும் நிக்கும். எங்களுக்கு வேலை தெரியாமல் இல்லை. எங்களை நம்பேல்லை. அவ்வளவுதான்."

மூன்று வருடம் குழுவில் எழுதிய ஆயிரம் வரிகளில் அவர் இதைச் சொன்னதில்லை.

"ஆனா அந்தப் பெட்டி," என்றார் நானா, ஜீப்பைக் காட்டி. "அதை நான் மாத்தயில்ல தம்பி. வாப்பா எடுத்த நாளில இருந்து அதேதான்."

"தெரியும். கீழ படுத்த உடனே கண்டிட்டன்."

இரவு நானா வீட்டில் தங்கி, மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பி, புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முருகேசு தலையணையில் சாய்ந்திருந்தார். முள்ளை எடுத்துவிட்டார்கள், கால் தப்பியது. அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என் சால்வையைத் துவைத்து மடித்து வைத்திருந்தார்.

"ஐயாவுக்கு வெளியூர்ல என்ன வேலை?" என்று முருகேசு அண்ணாவைக் கேட்டார்.

"கார்த் தொழிற்சாலையில இருந்தனான் தம்பி. பிறகு அதை மூடிப்போட்டாங்கள். ஒரு வெள்ளிக்கிழமை காயிதம் தந்து வீட்டை போகச் சொன்னவங்கள்."

நாங்கள் எல்லோரும் அவர் தானாக ஓய்வு பெற்றார் என்றே நினைத்திருந்தோம். பெரியம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"அப்ப நீங்க செஞ்ச வண்டியெல்லாம் இப்ப எங்க ஓடுது?"

"தெரியாது. லைனை விட்டுப் போன பிறகு ஒண்டையும் நான் கண்டதில்லை."

முருகேசு தலையணையிலிருந்து நிமிர்ந்தார். "எங்கயாச்சும் யாரையாச்சும் ஏத்திக்கிட்டுத்தான் ஐயா ஓடும்," என்றார்.

அண்ணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பகல் ஒன்றரைக்கு வவுனியா. மொத்தம் முந்நூற்று எழுபத்தொரு கிலோமீற்றர், ஒரு பழுதும் இல்லாமல். கடல்காற்று இல்லாத எங்கள் ஊர் வெயில், மூடிய அறைபோலப் புழுங்கியது. அண்ணா பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சக்கரங்களில் ஒட்டியிருந்த மணலைக் கழுவக் குனிந்த நான், முதன்முறையாக என் காரின் அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் புள்ளி இருந்தது.

"அண்ணா! இதென்ன?"

அவர் வந்து பக்கத்தில் குந்தினார். எட்டிப் பார்த்து, ஒரு புள்ளியை விரலால் மெல்லத் தடவினார்.

"பூட்டினவன் வைக்கிற பொட்டு. 'நான் இறுக்கிப்போட்டன், நம்பிப் போங்கோ' எண்டு அர்த்தம். நாங்களும் வைக்கிறனாங்கள்."

எங்கோ முகம் தெரியாத ஒருவர் எனக்காக வைத்த பொட்டுகள். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, வெயிலில் அப்படியே குந்தியிருந்து இருவரும் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.