எரியாத இன்ஜின் விளக்கு

போன வாரம் என் காரில், கோளாறு இருந்தால் ஸ்டியரிங் முன்னால் எரியும் இன்ஜின் விளக்கு அணையாமல் எரிந்தது. ஓரிக்கை ரோட்டு மெக்கானிக்கிடம் விட்டேன்.

என்ன கோளாறு என்று கேட்டதற்கு, "சொன்னா உனக்குப் புரியாதும்மா. வீட்டுக்காரரை வரச் சொல்லு" என்றார்.

திரும்பி வந்த வண்டியில் விளக்கு எரியவில்லை. ஆனால் சாவியைத் திருப்பியதும் ஒரு நொடி எரிந்து அணைய வேண்டுமே, அதுவும் இல்லை.

தம்பி சென்னையில் மலிவாக வாங்கித் தந்த, கார் கோளாறைக் காட்டும் ஸ்கேனரை இன்று காலை வாசலில் வைத்தே வண்டியில் செருகிப் பார்த்தேன். சென்சார் கோளாறு அப்படியே இருக்கிறது. ஆள் பல்பை மட்டும் கழற்றியிருக்கிறார்!

விடுவேனா? நேரே கடைக்குப் போய், வண்டியோடு காத்திருந்த நாலைந்து பேர் முன்னால் ஸ்கேனரைச் செருகிக் காட்டினேன்.

"இன்னாப்பா, என் வண்டியிலயும் பல்பைத்தான் புடுங்கினியா? நானும் இதே லைட்டுக்குத்தானே போன மாசம் வந்தேன், வண்டி இன்னும் திணறிக்கினுதானே இருக்கு!" என்று ஒருவர் மெக்கானிக் மேல் பாய்ந்தார்.

இன்னொருவர், "எம்மா, என் வண்டியையும் கொஞ்சம் பாரும்மா" என்றார். பார்த்தேன். அதிலும் ஒரு கோளாறு.

மெக்கானிக் மெதுவாக என் பக்கம் வந்து, "இன்னாம்மா காட்டுது அதுல?" என்றார்.

"சொன்னா உங்களுக்குப் புரியாதுப்பா. வீட்டம்மாவை வரச் சொல்லுங்க."

அந்த அம்மா வந்தால் கட்டாயம் விளக்கிச் சொல்வேன். அதுவரை, சாவி போட்டும் யார் வண்டியிலாவது இந்த விளக்கு எரியவில்லையென்றால் கீழே கமென்டில் சொல்லுங்கள். ஸ்கேனர் கைப்பையிலேயே இருக்கிறது.