தட்டச்சுக்காரம்மாவின் அரைப்பக்கம்

பல்கலைக்கழகத்தின் இலக்கியக் காலாண்டிதழுக்கு ஐம்பது வயது. அதன் தட்டச்சுக்காரம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. கணினி வந்தபோதும் அவர் அசரவில்லை. விசைப்பலகைதான் அவரிடம் அடிவாங்கிச் செத்தது.

அந்த இதழில் ஒரு பிடிவாதம் உண்டு: காலியிடம் விடவே கூடாது. ஒருமுறை தலையங்கம் பாதிப் பக்கத்தில் நின்றுவிட்டது. எழுதிய பேராசிரியர், அவர்தான் இதழாசிரியர், வெளியூரில். அச்சகத்து ஆளோ வாசலில். அம்மா என்ன செய்வார், பாவம்! தானே எட்டு வரியில் ஒரு கவிதை எழுதி, ‘தூறல்’ என்று புனைபெயர் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டார். அதன்பிறகு இதழுக்கு இதழ் தலையங்கம் பாதிப் பக்கத்திலேயே நின்றது; ருசி கண்டுவிட்டால் கை சும்மா இருக்குமா? இருபத்துமூன்று வருஷத்தில் தொண்ணூற்றிரண்டு கவிதைகள். வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. அவரோ தூறலின் பரம ரசிகர். உனக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று அம்மாவையே கேலி செய்வார்.

ஐம்பதாம் ஆண்டு விழாவில் தூறலை மேடையேற்றப் போவதாகப் பேராசிரியர் அறிவித்தார். அம்மாவுக்கோ பயம். யாரிடமும் கேட்காமல் சொந்தச் சரக்கை நுழைத்தது தெரிந்தால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை, எழுதியது டைப்பிஸ்ட் என்று தெரிந்து ஊரே சிரித்தால், அப்புறம் ஒரு வரி எழுத வருமா?

யோசித்துப் பார்த்து, தூறலைக் கொன்றுவிட்டார். தூறலின் அண்ணன் எழுதுவதுபோல ஒரு கடிதம்: என் தங்கை காலமாகிவிட்டாள், விழாவுக்கு வர இயலாது. மறுநாள் பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நினைவு மலர் போடலாம், இரங்கல் குறிப்பை அடியுங்கள் என்றார். அடி ஆத்தா! தன் சாவுச் செய்தியைத் தானே அடிப்பதா? இரண்டு வரி தாண்டுவதற்குள் அம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தால் இருமல் வந்தது.

பேராசிரியர் அந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்தார். “இந்த அண்ணன் பெரிய ஆளும்மா. நம்ம ஆபீஸ் கோப்பு எண்ணை மேல போட்டு, கீழ டைப் அடிச்சவர்னு உங்க இனிஷியலையும் போட்டிருக்கார்.”

பழக்கதோஷம்! அம்மா எல்லாவற்றையும் கொட்டி மன்னிப்புக் கேட்டார். வேலையை விட்டுவிடுவதாகவும் சொன்னார்.

“முதல் கவிதையிலேயே கண்டுபிடிச்சிட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் தலையங்கத்தை நான் எதுக்குப் பாதிப் பக்கத்தோட நிறுத்துனேன்னு நெனச்சீங்க?”

அம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணில் நீர் கொட்டியது, வாயெல்லாம் சிரிப்பு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“அப்போ அடுத்த இதழ்ல முழுப் பக்கமா விட்டுருங்க சார்.”