சீக்கிரம் செத்துப்போன என் கிருமிகள்

உலகத்தில் பாதிப் பேர் கிருமியைக் கொல்லச் சம்பளம் வாங்குகிறார்கள், நான் அதை வளர்க்கச் சம்பளம் வாங்குகிறேன். பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம், பதினொரு வருஷ சர்வீஸ். கம்பெனிக்கு நல்லது செய்யப்போய் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

தங்கைக்கு வந்த சந்தேகம்

சிசேரியன் பிரசவத்துக்காக டத்தோ கிராமாட்டில் என் வீட்டுக்கு வந்திருந்த தங்கை மலர், பொழுது போகாமல் ஒருநாள் கேட்டாள், நான் அங்கே அப்படி என்னதான் செய்கிறேன் என்று. சொன்னேன். ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரிக்கோலை நீராவிப் பெட்டியில் வைத்துக் கிருமி நீக்குவார்கள். பெட்டி ஒழுங்காக வேலை செய்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கொல்லவே கஷ்டமான ஒரு கிருமியைத் தாள் துண்டில் ஏற்றி, கருவிகளோடு உள்ளே அனுப்புவார்கள். அந்தத் தாளைத்தான் நாங்கள் செய்கிறோம். வெளியே எடுத்து ஊதாத் திரவத்தில் போட்டுச் சூட்டில் வைத்தால், எல்லாம் செத்திருந்தால் ஊதா அப்படியே இருக்கும். ஒன்றிரண்டு பிழைத்திருந்தாலும் மஞ்சளாகிவிடும்.

மனுஷனுக்கு ஒரு கெடுதலும் செய்யாத கிருமிதான், ஆனால் முரட்டுப் பிறவி. பசி வந்தால் கெட்டியான ஓட்டுக்குள் தன்னைப் பூட்டிக்கொள்ளும். அந்த ஓட்டை நம்பித்தான் எங்கள் பிழைப்பு. மலர் வயிற்றில் கை வைத்தபடி முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கரப்பான் பூச்சியப் பாத்தா நாற்காலி மேல ஏறி நிக்கிற ஆளு நீ. உன்ன நம்பியா அக்கா எனக்கு ஆபரேஷன் பண்ணப் போறாங்க?"

கெலுகோரிலிருந்து ஒரு போன்

கெலுகோர் பல் கிளினிக்கில் கஸ்தூரி என்று ஒரு நர்ஸ், எங்கள் பழைய வாடிக்கையாளர். ஒரு காலை போன் செய்து பொரிந்து தள்ளினார். மூன்று தாள் போட்டாராம், மூன்றும் மஞ்சளாம். வாசலில் நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், டாக்டர் கத்துகிறார், எல்லாம் என் கிருமியால்தான் என்றார்.

"மெஷின் கதவு ரப்பரைப் பாருங்கள் அக்கா" என்றேன் பணிவாக. ரப்பர் கிழிந்துதான் இருந்தது, மறுநாள் மாற்றினார்கள். ஆனால் அன்றைக்கு அவர் கேட்ட உதவியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்: "ரப்பர அப்புறம் பாக்கலாம்லா. எங்க மெஷின் பழசு தங்கச்சி, அதுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் வீக்கான கிருமியா அனுப்பி வையேன்!"

பால் போல வெள்ளை

நான் அனுப்ப மாட்டேன் என்று கஸ்தூரியிடம் பெருமையாகச் சொன்னேன். இரண்டே மாதத்தில் அதே வீக்கான கிருமியை என் கையாலேயே வளர்த்தேன்.

கிருமியின் சாப்பாட்டை அகாரில் கலந்து தட்டில் உறையவைப்போம். நீங்கள் பெருநாளுக்கு ஜெல்லி மாதிரிச் செய்து சாப்பிடுகிற அதே அகார்-அகார்தான். நாங்கள் வாங்கியது பழுப்பாக, கடல்பாசி வாடையோடு இருக்கும். எனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை. முதலாளியிடம் நச்சரித்து, சுத்திகரித்த உயர்ரக அகார் வாங்க வைத்தேன். பால் போல வெள்ளை! கிருமியும் மொழுமொழுவென்று வளர்ந்தது. எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை பிரமாதம். ஓடும் கட்டியிருந்தது. முதலாளி தட்டுகளை எட்டிப் பார்த்து மனம் குளிர்ந்து சொன்னார்: "இனிமே எல்லா லாட்டும் இப்படியே செய்!"

கையெழுத்துப் போடாத பரீதா அக்கா

பக்கத்து அறையில் பரீதா அக்கா. நான் வளர்த்ததை நீராவியில் போட்டுச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. சூலியா தெருவில் அவர் அண்ணன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். தினமும் எனக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் கொண்டுவருவார். அந்த வாரம் அவர் புது அகாரில் வளர்ந்த என் லாட்டைக் கொஞ்ச நேரமே நீராவி காட்டினார். அவ்வளவு நேரம் என் கிருமி தாக்குப்பிடித்து மஞ்சள் காட்ட வேண்டும். ஊதா அப்படியே நின்றது. எல்லாம் செத்துவிட்டது. மறுபடி செய்தார், மறுபடியும் ஊதா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்கள் நீராவிப் பெட்டியில்தான் கோளாறு" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் தாள்களை அள்ளிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் பொட்டலமும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் சரக்குத் தீரப்போகிறது, அனுப்பு என்று முதலாளி குதித்தார். பரீதா அக்கா பேனாவைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, அதே பெட்டியில் ஒரே நேரம் சூடு காட்டிய தாள்கள் கிடந்த இரண்டு குழாயைக் காட்டினார். மிச்சமிருந்த பழைய லாட் மஞ்சள், என்னுடையது ஊதா. அப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. பலவீனமான கிருமி அரைகுறைச் சூட்டிலேயே செத்து, ரிப்பேரான பெட்டிக்கும் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிடும். அது எனக்குத் தெரியாததா? ரோஷம் விடவில்லை. அக்கா டெலிவரி தாளை என் பக்கம் திருப்பி, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "இந்த லாட் போற ஆஸ்பத்திரியிலதானே உன் தங்கச்சிக்கு அடுத்த வாரம் ஆபரேஷன்?"

அழுக்கில் இருந்த சத்து

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா என் முதுகைத் தட்டிவிட்டு, "சரி, என்னத்த மாத்துன?" என்றார். ஒன்றும் இல்லை, நல்ல அகார் மட்டும்தான் என்றேன். சொல்லும்போதே புரிந்துவிட்டது. அந்த ஓடு கெட்டிப்பட கால்சியம், மாங்கனீசு மாதிரி உப்புகள் வேண்டும். பழைய அகாரின் அழுக்கில் அதெல்லாம் தானாகவே இருந்திருக்கிறது. நான் சுத்தம் என்று நினைத்து அதன் சத்தைப் பிடுங்கியிருக்கிறேன். ஒரு மாத உழைப்பை நானே அழித்தேன். முதலாளியிடம் வாங்கிய திட்டு தனிக் கதை. ஆஸ்பத்திரி அந்த வாரம் வேறு கம்பெனித் தாளை வாங்கிக்கொண்டது. இப்போது உப்புகளை அளந்து சேர்க்கிறோம், பழையபடி முரட்டுப் பிள்ளைகள்.

மலருக்குப் பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். அக்கா இரண்டு பொட்டலத்தோடு பார்க்க வந்தார். ஒன்று எனக்கு. கையைப் பிடித்து நன்றி சொன்னேன், அவர் காதிலேயே வாங்கவில்லை. தலைமுதல் கால்வரை துணி சுற்றியிருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு மலரிடம் சொன்னார்: "காத்து வெளிச்சம் பட வளக்கணும்லா. ரொம்ப சுத்தமா வளத்தா என்ன ஆகும்னு உங்க அக்காகிட்ட கேளு."

பெற்று வளர்த்த கிருமிகள் சீக்கிரம் செத்ததைக் கண்டுபிடித்தவருக்குத் தினமும் நன்றி சொல்கிற தாய், இந்தப் பினாங்கிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.