காருக்கு அம்மா செய்த கைங்கரியம்

எங்கள் அப்பாவுக்கு இரண்டு பொறுப்புகள் இருந்தன. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் துரையின் காரைப் பார்த்துக்கொள்வது ஒன்று. எங்களைப் பார்த்துக்கொள்வது மற்றது. இரண்டில் எது முதலாவது என்பதில் அவருக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

கார் கறுப்பு. முன்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் இரண்டு விளக்குகள், பக்கவாட்டில் மிதிபலகை, உள்ளே சிவப்புத் தோல் இருக்கை. பழைய வெள்ளைக்காரத் துரை சீமையிலிருந்து கப்பலில் இறக்கியது. அவர் தோட்டத்தை விட்டு ஊருக்குத் திரும்பியபோது நாயைக் கூட்டிக்கொண்டு போனார். காரை விட்டுவிட்டுப் போனார். அந்த மனிதர் வாழ்க்கையில் செய்த ஒரே பிழை அதுதான் என்று அப்பா நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பங்களாவுக்குப் பின்னால் கராஜ். கராஜை ஒட்டி நாங்கள் குடியிருந்த காம்பரா. இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அதில் காரின் பக்கம் மட்டும் வெள்ளை அடித்திருந்தது.

தை, மாசியில் எங்கள் பக்கத்துப் புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிரில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடும் என்று அப்பா அந்தி சாயும்போதே அதைத் திறந்து விட்டுவிடுவார். விடிந்ததும் வெந்நீர் ஊற்ற வேண்டும். வெந்நீர் எங்கள் அடுப்பிலிருந்து வந்தது. எஞ்சின் மேல் போர்த்துவது அம்மாவின் கம்பளி. தோல் இருக்கையைப் பளபளப்பாக்க வாழைப்பழத் தோல். அதற்காகப் பழத்தைத் தின்னும் சிரமத்தை நான் ஏற்றேன். ரேடியேட்டர் மூடிக்கும் அப்பாவின் வெள்ளைக் கோட்டிலிருந்த பித்தளைப் பித்தான்களுக்கும் புளி. மழையில் வைப்பர் சோம்பல்படும் என்று உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி முன்கண்ணாடியில் தேய்ப்பார். தண்ணீர் ஒட்டாமல் வழிந்தோடும். கண்ணாடியில் தேய்த்த கிழங்கைக் குழம்பில் போட அம்மா மறுத்துவிட்டாள். இதை அப்பா கடைசிவரை ஓர் அநியாயமாகவே கருதினார்.

"நமக்குத் தேத்தண்ணி வைக்கத் தண்ணி கொதிக்கல, அதுக்கு மட்டும் குளிக்க வெந்நீரா?" என்பாள் அம்மா, கொழுந்துக் கூடையை மாட்டியபடி.

"அது குளிக்கல புள்ள. குடிக்குது" என்பார் அப்பா.

எனக்கும் காரில் ஓர் உத்தியோகம் இருந்தது. பழுதான கைபிரேக்குக்கான சாமான் சீமையிலிருந்து வரவேண்டும். அது ஆண்டுக்கணக்காக வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊரில் மட்டமான தரை என்பது கோயில் வாசலில் கொஞ்சம், துரையின் டென்னிஸ் மைதானத்தில் கொஞ்சம், அவ்வளவுதான். ஆகவே கார் எங்கே நின்றாலும் ஒருவன் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். பள்ளி இல்லாத நாட்களில் அந்த ஒருவன் நான். மடியில் மரக்கட்டையோடு முன்சீட்டில் உட்கார்ந்து, தோட்டத்தை நான்தான் தாங்கிப் பிடித்திருக்கிறேன் என்ற நினைப்பில் போவேன். பிற்காலத்தில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இதே நினைப்பில் இதே மாதிரிக் கட்டைகளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு சிங்காரம் செய்த காரில் ஒரு குறை இருந்தது. சைலன்ஸரில் ஓட்டை. பங்களாவிலிருந்து கார் இறங்கத் தொடங்கினால், பெரிய கங்காணி விருந்துக்குப் பிறகு விடும் ஏப்பத்தை நிறுத்தாமல் விட்டதுபோல் ஒரு சத்தம் மலையெல்லாம் கேட்கும். வெள்ளைக்காரத் துரைக்குக் காது மந்தம். அவருக்கு அது தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும். முதலாம் முடக்கில் கார் திரும்பும்போது, கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எழுந்துவிடுவார்கள். தேயிலைத் தூரில் சாய்ந்திருந்த கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்வார். இரண்டாம் முடக்கு தாண்டி துரை வந்து சேரும்போது எல்லாக் கைகளும் கொழுந்தின்மேல் பறந்துகொண்டிருக்கும். கங்காணி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். துரைக்குத் திருப்தி. கங்காணிக்குத் திருப்தி. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிய பெண்களுக்கும் திருப்தி. இப்படி எல்லோரும் ஒற்றுமையாக வாழ்ந்த தோட்டத்தைப் பிறகு நான் கண்டதில்லை.

புதிய துரை கொழும்பிலிருந்து வந்தார். வயது குறைவு. இரண்டு காதும் நன்றாகக் கேட்டது. தமிழும் படித்துக்கொண்டு வந்திருந்தார். துரைமார் படிக்கும் தமிழ், அதாவது பிறரை ஏவுவதற்கு மட்டும் பயன்படும் தமிழ். எந்த மலைக்குப் போனாலும் எல்லோரும் எப்போதும் வேலை செய்துகொண்டேயிருப்பது அவருக்குச் சந்தேகத்தைத் தந்தது. மனித இயல்பு தெரிந்தவராக இருக்க வேண்டும்.

"டிரைவர்! இந்தச் சத்தம் நிப்பாட்டு. வீ.ஏ. தொரை வாற நேரம் சத்தம் இருந்தா, நீ கோட்டு கழட்டு. மம்பட்டி எடு. மலைக்குப் போ."

வீ.ஏ. துரை என்பவர் கம்பனிக்காகத் தோட்டம் தோட்டமாகப் பார்வையிட வருபவர். துரைமாருக்கே மார்க்குப் போடும் துரை. அவர் மாத முடிவில் வருவதாக இருந்தது.

அப்பாவின் முகம் கோட்டைவிட வெளுத்துப்போயிற்று. மம்பட்டி பிடிப்பது கேவலம் என்றல்ல. எங்கள் சாதிசனம் அத்தனையும் அதைப் பிடித்துத்தான் சாப்பிட்டது. ஆனால் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தக் காரில் உட்கார்ந்தால்தான் அப்பா அப்பாவாக இருந்தார். கழற்றிவிட்டால் அவரை நாங்களே அடையாளம் கண்டிருக்கமாட்டோம் என்று நினைக்கிறேன்.

அன்றே பிஸ்கட் டின்னை வெட்டி, ஓட்டைமேல் சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டினார். மறுநாள் காலை துரையை ஏற்றிக்கொண்ட கார் நெய்யில் வழுக்குவதுபோல் இறங்கியது. முதலாம் முடக்கு. இரண்டாம் முடக்கு. ஒரு சத்தமில்லை. அப்பா என்னைப் பெருமையோடு திரும்பிப் பார்த்தார். மூன்றாவதாக நாங்கள் பார்த்தது, கல்லில் காலை நீட்டி உட்கார்ந்து, யாரோ சொன்ன கதைக்கு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த பெண்களை. நடுவில் அம்மா. வேலை நேரத்தில் அம்மாவை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை. "அம்மா!" என்று கத்திக் கையசைத்தேன். அம்மா பதிலுக்குக் கையசைக்கவில்லை.

அத்தனை பேருக்கும் அரைப்பேர். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தாலும் பாதி நாள் சம்பளம்தான்.

அன்று மாலை அம்மா கூடையை இறக்கியதும் ஆரம்பித்தது.

"ஏங்க, கட்டுன பொண்டாட்டி ஒக்காந்திருக்கிற எடத்துக்கே கொண்டாந்து நிறுத்துனீங்களே, நல்லா இருக்குதா?"

"நான் என்னா பண்ண? ரிப்பேரு அவ்ளோ சுத்தமா வந்திருச்சு."

"ஒரு ஹோன் அடிக்கக் கூடாதா?"

"பின்னுக்குத் தொரை இருக்காரு புள்ள. சும்மா ஹோன் அடிச்சா ஏன்னு கேக்கமாட்டாரா?" என்றவர், அடக்க முடியாமல் சொன்னார்: "ஆனா நீ கேட்டியா? ஒரு சத்தம்? பூனை மாதிரி வந்துச்சில்ல?"

அம்மா ரொட்டிக்கு மாவு பிசையத் தொடங்கினாள். மாவுக்கு நல்ல அடி.

இரண்டு நாள் கழித்துக் காரை எடுத்தபோது பழைய ஏப்பம் திரும்பியிருந்தது. அப்பா ரோட்டைத் திட்டினார். இரண்டாவது முறை தடித்த தகரம், இரட்டைக் கம்பி. அதுவும் கழன்றது. தகரத்தைத் திட்டினார். மூன்றாவது முறை களிமண்ணும் கல்நார்க் கயிறும் வைத்துக் கட்டி, ஒரு தேங்காயும் உடைத்தார். மறுநாளே மலை முழுக்கச் சத்தம். அன்று அவர் யாரையும் திட்டவில்லை. காரின் அடியில் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, எழுந்து, எங்கள் அடுப்படிப் பக்கம் பார்த்தார். அவருக்குப் பசிக்கிறது என்று நினைத்தேன்.

விஷயம் எனக்கு முன்னமே தெரியும். தெரியும் என்றால், கண்ணால் பார்த்திருந்தேன். அப்பா பஜாருக்குப் பெட்ரோல் வாங்கப் போயிருந்த ஒரு பிற்பகல், கராஜில் ஏதோ இடிபடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், காரின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அம்மாவின் கால்கள். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக் கீழே விரித்து மல்லாந்து படுத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். கையில் இரும்புக் கரண்டி. முகமெல்லாம் கரி.

"என்னாம்மா செய்றீங்க?"

அம்மா ஒரு கணம் திகைத்துப் பிறகு சொன்னாள்: "அப்பா ஒத்தையாளா எவ்ளோதான் பாடுபடுவாரு? நானும் காருக்கு ஏதாச்சும் செய்ய வேணாமா? அப்பாகிட்ட சொல்லிறாத. ரோசக்காரரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலம் வெந்நீருக்கும் கம்பளிக்கும் சண்டை போட்ட அம்மா, யாருக்கும் தெரியாமல் கரியில் படுத்துக் கார் துடைக்கிறாள்! அவள் தந்த வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அதன் தோலால் பின்சீட்டையும் தேய்த்து வைத்தேன்.

வீ.ஏ. துரை வருவதற்கு முதல் நாள் அப்பா கடைசி ஆயுதத்தை எடுத்தார். தேயிலை ஸ்டோரில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டரைக் கூட்டிவந்து ஓட்டையின்மேல் இரும்புத் தட்டு வைத்துப் பற்றவைத்தார். பிட்டர் சுத்தியலால் தட்டிக் காட்டினார். "இனி இது அசையாதுண்ணே. கார் போனாலும் இது இருக்கும்."

அடுப்படி வாசலில் நின்ற அம்மாவின் கையிலிருந்த கரண்டி மெல்லத் தாழ்ந்தது.

காலையில் வெந்நீர் ஊற்றி, புளி போட்டுத் தேய்த்து, கோட்டை மாட்டி, பின்னால் இரண்டு துரைமாரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கட்டையோடு நான் முன்னால். கார் சத்தமே போடவில்லை. இருக்கையின் தோல் முனகுவதுகூடக் கேட்டது. எங்கள் துரை, வீ.ஏ. துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லி, உதட்டில் விரல் வைத்துக் காட்டிச் சிரித்தார். பொறியில் எலி விழுவதைக் காட்டக் கூட்டிப் போகிறவரின் சிரிப்பு. முதலாம் முடக்கில் திரும்பும்போது கீழே மலையிலிருந்து பெண்களின் பாட்டுச் சத்தம் ஏறி வந்தது. நடுவில் ஒரு குரலை எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்பா நேரே பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் முடக்குக்கு முன்னால் நல்ல இறக்கம். அங்கே அவர் செய்த காரியத்தை நான் மட்டும்தான் பார்த்தேன். இடது கை மெல்ல இறங்கிச் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தது. கார் கியரிலேயே உருண்டது. கொஞ்ச தூரம் போனதும் அதே கை சாவியை மறுபடி திருகியது.

வெடி என்றால் அப்படி ஒரு வெடி. உள்ளே எரியாமல் சேர்ந்திருந்த பெட்ரோல் அத்தனையும் சைலன்ஸருக்குள் ஒன்றாகப் பற்றிக்கொண்டது. துரைமாரின் தொப்பிகள் இரண்டும் கூரையில் இடித்தன. பிட்டரின் இரும்புத் தட்டு ரோட்டில் கணகணவென்று உருண்டு தேயிலைக்குள் போயிற்று. அதன் பிறகு பழைய ஏப்பம், முன்னைவிடக் கம்பீரமாக.

மலைக்குப் போனபோது பாட்டு இல்லை. கைகள் பறந்துகொண்டிருந்தன. கங்காணி கத்திக்கொண்டிருந்தார். அம்மாவின் கூடையைப் போல் வேகமாக நிரம்பிய கூடை உலகத்தில் இருந்திருக்காது. நான் குதித்துக் கட்டை போட்டேன்.

வீ.ஏ. துரை வரிசை வரிசையாகப் பார்த்து வியந்து, எங்கள் துரையின் முதுகில் தட்டினார். எங்கள் துரை அந்தத் தட்டலை வாங்கிக்கொண்டு, அப்பாவை முறைத்து வாயைத் திறந்தார்.

"விடும்" என்றார் வீ.ஏ. துரை, எல்லோருக்கும் விளங்கும்படி தமிழிலேயே. "கெழட்டுக் கார். வெடிக்கும். டிரைவர் என்ன செய்யும்?"

"சரிதானுங்க தொரை" என்றார் அப்பா, தலை குனிந்து.

கோட்டு தப்பியது. ஆனால் நான் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன். இறக்கத்தில் சாவியைத் தொடக்கூடாது என்று எனக்கே எத்தனை தரம் சொல்லித் தந்தவர்! வயதாகிவிட்டது, கை தவறுகிறது என்று நினைத்தேன். அப்போது அவருக்கு, இன்றைக்கு எனக்கிருப்பதைவிட வயது குறைவு. அவர் மானத்தைக் காப்பாற்றுவதற்காக நான் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை அப்பா பங்களாக் குசினியிலிருந்து இரண்டு உருளைக்கிழங்கு கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தார்.

"கண்ணாடிக்குத்தானே?" என்றாள் அம்மா.

"இல்ல, கொழம்புக்கு."

பிறகு பித்தானுக்கென்று மாடத்தில் வைத்திருந்த புளி உருண்டையையும் எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்தார். "அந்த இரும்புக் கரண்டிக் காம்புல கரி ஏறிக் கெடக்கு பாரு. சைலன்ஸர் கரி, லேசுல போகாது. புளி போட்டுத் தேச்சிரு."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கோட்டைக் கழற்றப் போனவர் ஒரு கை கழற்றியபடியே சுவரில் சாய்ந்து சிரித்தார்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. கார் துடைக்கும் அம்மாவையும் கார் ஓட்டத் தெரியாத அப்பாவையும் வைத்துக்கொண்டு இந்தக் குடும்பம் எப்படிப் பிழைக்கப் போகிறதோ என்று, கட்டையை மடியில் வைத்தபடி, நெடுநேரம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.