சாவி திருப்பினாலும் அணையாத திரை

கண்ணை மூடிக் கடவுளை நினைக்காமல் போட்டோக்கார அக்கா ஒருநாளும் வண்டியைக் கிளப்பியதில்லை. போகிற வழியும் வருகிற வழியும் ஆண்டவன் கையில் என்று நம்புகிறவள் அவள்.

ஸ்டுடியோவில் படம் வெட்டிக் கொடுக்கும் வேலையில் தொடங்கியவள், கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பழைய வேனையே ஸ்டுடியோவாக்கிவிட்டாள். பின்சீட்டைக் கழற்றிய இடத்தில் ஒரு நீலத்துணி, ஒரு ஸ்டூல், மடக்கு மேசைமேல் கம்ப்யூட்டரும் பிரிண்டரும். வீட்டுக்காரர் படம் எடுப்பார். வண்டி ஓட்டுவதும் படத்தைத் திருத்துவதும் அவள் பொறுப்பு.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. இன்ஜின் ஓடினால் வேன் நடுங்கி முகம் கலங்கிவிடும் என்பதால் படம் எடுக்கும்போது அணைத்து வைப்பாள். மறுபடி வேண்டிக்கொண்டு சாவியைத் திருப்புவாள். உடனே, வண்டி பேட்டரியிலிருந்து கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் கரண்ட் கொடுக்கும் இன்வெர்ட்டர் 'கீ' என்று அலறும். கம்ப்யூட்டர் அணைந்து, திருத்திய படமெல்லாம் போய்விடும்.

"உன் கடவுளுக்கும் இந்த டப்பாவுக்கும் ஏதோ பங்காளிச் சண்டை. முதல்ல ஸ்டார்ட் பண்ணு, அப்புறம் கம்ப்யூட்டரைப் போடு, கடைசியா கும்பிடு" என்பார் வீட்டுக்காரர்.

"வண்டி கிளம்பினப்புறம் கும்பிடறது, சாப்பிட்டு முடிச்சு உப்பு போடற மாதிரி" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. அடையாள அட்டைக்காகத் தொழிலாளிகள் எல்லாரையும் கேட் கேட்டாகப் போய்ப் படம் எடுக்க வேண்டும். முதல் நாள் ஒழுங்காக நடந்தால் அவர்களுடைய மற்ற கிளைகளும் இவர்களுக்குத்தான். சொதப்பினால் கடைத்தெருப் பெரிய ஸ்டுடியோவுக்குப் போய்விடும்.

"பெரிய இன்வெர்ட்டரா வாங்கிடுவோம். யானையையே இழுக்கணும்" என்றார் வீட்டுக்காரர்.

அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. பேட்டரிக் கடை வைத்திருக்கும் தன் தம்பியிடம் வேனைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அவன் பேட்டரியில் மீட்டரை மாட்டினான். "எப்பவும் போல கும்பிட்டு ஸ்டார்ட் பண்ணுக்கா."

கும்பிட்டாள். திருப்பினாள். 'கீ!' மீட்டர் முள் மயங்கி விழுந்ததுபோல் சாய்ந்து எழுந்தது.

"பாத்தியா? இன்ஜினைச் சுத்தி விடற நேரத்துல ஸ்டார்ட்டர் பேட்டரியை உறிஞ்சிடுது. வோல்ட் இறங்கினதும் இன்வெர்ட்டர் பயந்து தன்னைத்தானே அணைச்சுக்குது."

"அப்போ பெருசா வாங்கினா?" என்றார் வீட்டுக்காரர்.

"பெருசா கத்தும் மாமா."

அப்புறம் அவன் இரண்டு வழி சொன்னான். கம்ப்யூட்டருக்கென்று தனியாக இன்னொரு பேட்டரி வைக்கலாம். ஆனால் ஸ்டூல் போடும் இடம் போய்விடும். இல்லையென்றால், கார் கம்ப்யூட்டருக்கென்றே வரும் சின்னப் பவர் சப்ளை. இன்வெர்ட்டர் இல்லாமல் நேராகப் பேட்டரியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பேட்டரி பாதியாக இறங்கினாலும் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதைக் குறைக்காது.

"தீப்பெட்டி மாதிரி இருக்கு. இதை நம்பியா?" என்று முனகினார் வீட்டுக்காரர்.

அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "கம்ப்யூட்டருக்கு இது. பழைய இன்வெர்ட்டர் பிரிண்டருக்கு மட்டும். பிரிண்டர் நின்னா ஒரு தாள் போகும். கம்ப்யூட்டர் நின்னா மானமே போகும். மாட்டுடா தம்பி."

தொழிற்சாலையில் முதல் கேட் முடிந்தது. மேற்பார்வையாளர் வேனில் ஏறி மேசைப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் ஒரு மீசைக்காரத் தொழிலாளி பாதி திருத்திய நிலையில் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணை மூடினாள்.

"என்னம்மா, தூக்கமா?"

"கொஞ்சம் பொறுங்க சார், பர்மிஷன் வாங்கறாங்க" என்றார் வீட்டுக்காரர்.

சாவி திரும்பியது. 'கீ!' என்றது இன்வெர்ட்டர். வீட்டுக்காரர் சட்டென்று திரையைப் பார்த்தார். மீசைக்காரர் அதே சிரிப்போடு இருந்தார். இமைகூடக் கொட்டவில்லை.

"அடுத்த கேட்டுக்குப் போலாமா சார்?" என்றாள் அக்கா.

கடைசி கேட் முடியும்வரை ஒரு முகம்கூடத் தொலையவில்லை. "மத்த கிளைகளுக்கும் நீங்களே வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார் மேற்பார்வையாளர்.

வீட்டு வாசலில் வண்டியை அணைத்ததும், "இன்னொரு தடவை கும்பிட்டு ஸ்டார்ட் பண்ணேன்" என்றார் வீட்டுக்காரர்.

"எங்க போக?"

"எங்கயும் இல்ல. திரை அணையாம இருக்கறதைப் பாக்கணும்."

அக்கா சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். பக்கத்தில் அவரும் மூடிக்கொண்டார்.