ஜெனரேட்டர் சுருதியில் ஒரு வீணை

காலை ஒன்பதே கால். கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, வீணைத் தந்தி ஒன்றின் மேல் துள்ளிக்கொண்டிருந்த பஞ்சு, பக்கத்து பனியன் கம்பெனியிலிருந்து பறந்துவந்தது. மின்சாரம் போயிருந்தது, விசிறி ஓடவில்லை. வீணையின் அருகில் யாரும் இல்லை. பக்கத்துத் தந்திகளில் ஒட்டியிருந்த பஞ்சு அசையாமல் கிடந்தது. தடித்த பித்தளைத் தந்தியில் இருந்தது மட்டும் ஆடிற்று. குனிந்து காதை வைத்தேன். தந்தி மிக மெல்ல, விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஒரு நாளிதழுக்குத் திருப்பூர்ச் செய்திகளை எழுதிக்கொண்டு, அந்த இசைக்கருவிக் கடையின் மாடியில் பல ஆண்டுகளாகக் குடியிருந்தேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

உள்ளிருந்து வந்த கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“பேய் கீய் இல்லீங்க. பக்கத்துக் கம்பெனி ஜெனரேட்டருங்க.”

தந்தியை முறுக்கும் பிரடையை மயிரிழை திருப்பினார். பஞ்சு நின்றது. பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். மறுபடி ஆடியது.

“சுருதிப் பெட்டிக்குச் சேத்து வெச்சா அந்த எரைச்சலோட சண்டை போடுதுங்க. பேசாம இதை அதுக்கே சேத்துப் போட்டேன். எல்லா ஜெனரேட்டரும் ஒரே வேகத்துலதாங்க ஓடோணும். கரண்டு போச்சுன்னா ஊருக்கே ஒரு சுருதி.”

மின்வெட்டு பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறேன்: டீசல், புகை, ஏற்றுமதித் தாமதம். அன்று மாலை மின்சாரம் நின்றதும் மொட்டைமாடிக்குப் போனேன். முதலில் பக்கத்துச் சந்தில் ஒன்று ஓடத் தொடங்கியது. பிறகு ரயில் பாதைக்கு அப்பால், பிறகு அனுப்பர்பாளையம் பக்கம். கரகரப்பையும் படபடப்பையும் ஒதுக்கிவிட்டுக் கேட்டால், அடியில் ஒரே ஸ்வரம் ஊர் முழுக்கப் பரவி நின்றது. மின்சாரம் திரும்பும் வரை நான் கீழே இறங்கவில்லை.

நான் குடிவந்த காலத்தில் அந்தக் கடையில் வெள்ளிக்கிழமைகளில் நிற்க இடம் இருக்காது. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள் என்பதால், வசதியுள்ள அப்பாக்கள் மகளுக்கு வீணையோ ஆர்மோனியமோ வாங்கிப் போவார்கள். பிறகு அது குறைந்தது. அலமாரிகளில் கீபோர்டு வந்தது. பிறகு அதற்கும் ஆள் குறைந்தது. கடைசியில் வீணைகளில், தஞ்சாவூரிலிருந்து தருவித்த அந்த ஒன்றுதான் மிஞ்சியது. வாசிக்கிற கைக்குத்தான் அதைக் கொடுப்பேன் என்று கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லிவந்தார்.

ஒரு நாள் மகளுடன் ஒரு அம்மா வந்தார்.

“ஏனுங்க, ஒரு வெரல் வெச்சா மேளம், தாளமெல்லாம் தானா வருமாமே, அது இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க. இன்னும் ரெண்டு வருசம் பொறுத்தா வெரலும் வேண்டாமுங்க.” மகளிடம் திரும்பினார். “வீணை கத்துக்கறயா கண்ணு?”

“கம்ப்யூட்டர் கிளாஸ் போறனுங்க.”

“பொண்ணு பாக்க வர்றவீங்களும் அதைத்தானுங்க கேக்கறாங்க,” என்றார் அம்மா. “பாட்டா கேக்கறாங்க?”

அடுத்து வந்தவர் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் மேலாளர். வீணையைச் சுற்றி வந்து பார்த்தார்.

“வாசிக்கறது யாருங்க?” என்றார் கடைக்காரர்.

“யாருமில்லீங்க. ரிசப்ஷன்ல வெக்கறதுக்கு. சரக்கு வாங்கற ஃபாரின் பையர் வர்றாங்க.”

“அப்படீன்னா இல்லீங்க.”

மேலாளர் வீணையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், போய்விட்டார். ஆனால் கட்டட உரிமையாளர் கடை இருந்த இடத்தை ஒரு ஜிப், பட்டன் வியாபாரிக்கு வாடகைக்குப் பேசி முடித்திருந்தார். காலி செய்யும் நாள் நெருங்கியும் வாசிக்கிறவர் யாரும் வரவில்லை. கடைக்காரரே மேலாளரைக் கூப்பிட்டனுப்பினார். வேன் வந்த அன்று வீணையை ஏற்ற நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

“சார், தந்தியை மட்டும் எறக்கிப் போடாதீங்க,” என்றார் கடைக்காரர். “கை படாட்டியும் பரவால்லீங்க. கரண்டு போறப்ப அது பாட்டுக்குப் பேசிக்கும்.”

மேலாளர் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

சில மாதங்கள் கழித்து ஒரு செய்திக்காக திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த அந்த மேலாளரின் நிறுவனத்துக்குப் போனேன். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வீணை பளபளவென்று இருந்தது. தந்திகள் இல்லை. மேஜையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

“அதை ஏனுங்க கேக்கறீங்க. கரண்டு போனா தானா ஒரு சத்தமுங்க. வாட்ச்மேன் செருப்பைக் கழட்டிட்டுக் கும்புட்டாரு. டெய்லருங்க எல்லாம் மெஷினை விட்டுட்டு வந்து சுத்தி நின்னுட்டாங்க. வந்திருந்த பையரு ஸ்பீக்கர் எங்கன்னு பெட்டிக்கு அடியில தேடறாரு. வேலை நிக்குதுன்னு மேனேஜர் சார் கழட்டச் சொல்லிட்டாருங்க.”

பேசிக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. பின்பக்கம் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. அந்தப் பெண் மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினார். தந்திகள் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் இருந்தன.